சிவப்பு தெரியாத கண்

நான் ஏறிய பஸ் பெரம்பலூர் ஊருக்குள் போகாது என்பதை ஏறும்போது ஒருவரும் சொல்லவில்லை. பாடாலூர் தாண்டியபின் கண்டக்டர் பின்னால் வந்து, "நாலு ரோட்டுல எறங்கிக்கங்கம்மா, டவுனுக்குள்ள போவாது" என்றார். எங்கள் யாழ்ப்பாணத்தில் மினிபஸ்காரர் முகம் தெரிந்தால் வீட்டுச் சந்தில், எங்கள் ஒழுங்கை வாசலில்கூட நிறுத்துவார். இங்கே வண்டி முழுதாக நிற்பதற்குள் என் பைகள் தரையில் இருந்தன. வண்ண அட்டைகளைச் சுருட்டி வைத்திருந்த குழாயைக் கட்டிப்பிடித்தபடி லாரிப் புகைக்குள் நின்றேன்.

அந்தக் குழாய்க்காகத்தான் பயணமே. நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பிக்கிறேன். வண்ணத்துப்பூச்சிகளின் கண்ணில் இருக்கும் நிறமிகள் எப்படி உண்டாயின என்பது என் பாடம். அதைப் பற்றிப் பேசவும் வயலில் செய்து காட்டவும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அழைத்திருந்தார்கள். திருச்சி விமான நிலையத்தில் வந்த காரணத்தைச் சொன்னபோது அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கல்லூரி ஆசிரியை கலைவாணி ஸ்கூட்டரில் வந்து, அரியலூர் சாலையில் ஒரு வீட்டின் மாடி அறையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுக்காரர் வசந்தா, ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான, ஓரிடத்தில் நிற்காத பெண். கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறார். வாரத்தில் ஓரிரு நாள்தான் வீட்டுக்கு வருவார். மகன் மணிகண்டன் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். வீட்டின் பின்புறம் கொஞ்சம் கரிசல் நிலம், மக்காச்சோளம் நின்றது.

அன்று மாலை இட்லிக்குச் சின்ன வெங்காயச் சட்னி வைத்தார். எங்கள் ஊரிலும் இதே வெங்காயம், இதே காய்ந்த செத்தல் மிளகாய். இடித்துச் சம்பலாக்குவோம், அவ்வளவுதான் வித்தியாசம். கடல் தாண்டி வந்து வீட்டு ருசியைச் சாப்பிடுவது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நீங்க பேசுறது ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரியே இருக்குங்க டீச்சர்" என்றார் வசந்தா. பிறகு சட்னியை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, கேட்காமலே சொன்னார்: "மணி ரயில்வே பரீட்சையில பாஸ் பண்ணிட்டான். மெடிக்கல்ல கண்ணுல ஏதோ கொறைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்கப்பா ஊரு பூரா முட்டாய் குடுத்துட்டாரு அதுக்குள்ள."

மறுநாள் காலை கல்லூரியில் பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள்; பாதிப் பேர் கைபேசியையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் கலைவாணி பத்துப் பதினைந்து பேரை வசந்தாவின் நிலத்துக்கே கூட்டிவந்தார். ஐப்பசி வெயில் ஈரத்தோடு அடித்தது. காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்க இந்தப் பக்கத்து வழக்கப்படி மக்காச்சோளத்தைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். மஞ்சள், ஊதா, நல்ல மிளகாய்ச் சிவப்பு எல்லாம் இருந்தன. கடல் கடந்து அட்டை கொண்டுவந்தவளுக்கு முன்னால், என் பரிசோதனையை யாரோ ஏற்கெனவே பெரிதாகச் செய்து வைத்திருந்தது போலிருந்தது.

கறிவேப்பிலையில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தது. மஞ்சளை விட்டது, ஊதாவை விட்டது, சிவப்புச் சேலையில் பூவென்று நினைத்து முட்டி முட்டிப் பார்த்தது. நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: வண்ணத்துப்பூச்சிகளின் முன்னோருக்குக் கண்ணில் மூன்று நிறமிகள்தான் இருந்தன. நாம் காணாத புற ஊதாவுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. சந்ததிக்குப் பிரதியெடுக்கும்போது எப்போதோ பச்சை நிறமியின் மரபணு தவறுதலாக இரண்டாகிவிட்டது. மூத்தவன் வீட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டால் இளையவன் ஊர்சுற்றிப் புதுத் தொழில் கற்பதில்லையா, அப்படி ஒரு பிரதி பழைய வேலையைச் செய்ய, மற்றது மெல்ல மெல்ல மாறியது. அந்த நிறமிப் புரதத்தின் சில கண்ணிகள் மாறியதும் அது சிவப்பை உணரத் தொடங்கிவிட்டது. வேறு குடும்பங்களில் நீல நிறமி இரண்டானது. இன்னும் சிலவற்றுக்குச் சிவப்பு வாய்க்கவே இல்லை. அவற்றுக்கு இந்தச் சேலை வெறும் இருட்டுத் துணி.

மனிதர்களுக்கும் இதே கதைதான் என்றும் சொன்னேன். நம் மூதாதையான குரங்குகளிலும் ஒரு நிறமியின் மரபணு இரண்டாகித்தான் சிவப்பும் பச்சையும் பிரிந்தன. இரண்டும் இன்னமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. அதனால் பிரதியெடுக்கையில் ஒன்று விடுபடுவதும் இரண்டும் கலந்துபோவதும் எளிதில் நடக்கிறது.

பேசிக்கொண்டே பின்னால் கையை நீட்டி, "அந்தச் சிவப்பு அட்டையைத் தாருங்கோ" என்றேன். மணிகண்டன் அட்டைகளுக்கு அருகில் நின்றான். பச்சை கையில் வந்தது. "சிவப்பு" என்றேன். யோசித்துவிட்டு, மீண்டும் ஒரு பச்சை. எனக்குப் பொறுமை குறைவு. திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தபின்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். மாணவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் மேடம் தெரியுது" என்றான் மெதுவாக. "மெடிக்கல்ல புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டுனாங்க. எல்லாரும் நம்பர் சொல்றாங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது." சேலையில் இன்னும் முட்டிக்கொண்டிருந்த பூச்சியை ஒரு கணம் பார்த்தான். "இதுக்கெல்லாம் தெரியுது."

பூச்சியைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவதை அன்றுதான் கண்டேன். அது என்னை வருத்தியது.

பிள்ளைகள் போனபின் வசந்தா வயலுக்கு வந்தார். வேலிச் சேலை ஒன்று அவிழ்ந்திருந்ததை இறுக்கிக் கட்டிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். கணவரின் அக்கா அஞ்சலை திருமானூரில் இருக்கிறார். அவர் மகள் பிரியா நர்சிங் படிக்கிறாள். அவளை மணிக்குக் கொடுப்பதென்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது; பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. வேலை போனது தெரிந்தபின் அஞ்சலை பேச்சை மாற்றிவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படிக் கண் இல்லை, இது வசந்தா கொண்டுவந்த சொத்து, என் பேரன் பேத்திக்கும் ஒட்டும் என்கிறாராம். கணவரும் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

"நாளைக்கு அண்ணியப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க டீச்சர். கொள்ளிடத்தைப் பாத்த மாதிரியும் இருக்கும். அம்மா வழியில இது வராதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

"நான் பொய் சொல்ல மாட்டேன், வசந்தா."

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்று நிமிர்ந்தார். "நெசத்தச் சொல்லுங்க. என்கிட்டேருந்தா வந்துச்சு? எனக்கு எல்லாக் கலரும் தெரியுதே."

நாளை சொல்கிறேன் என்றேன். ஆண்களுக்கு இந்தக் குறை வந்தால் தாய் வழியாகத்தான் வரும். தாய்க்கு எல்லா நிறமும் தெரிந்தாலும் அப்படித்தான். வகுப்பில் இதை நான் எத்தனையோ தடவை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வயலில் நின்றபடி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லாமல் ஒரு நாள் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் பஸ். முகப்பில் ரோஸ் நிறம் அடித்த வண்டியில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். நான் நேர்மையாக, "நான் இலங்கை" என்றேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு பொம்பளையா இருந்தாலும் ஃப்ரீதாங்க. உக்காருங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு அரசாங்கம் என்னிடம் கேள்வி கேட்காமல் ஏதாவது கொடுத்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டின. எங்கள் வண்டி அவற்றின் பின்னால் ஊர்ந்தது. சாலையோரத்து எருக்கஞ்செடிகளெல்லாம் தூசியால் வெள்ளை பூத்திருந்தன. எதிரே வரும் டிப்பர் ஒவ்வொன்றையும் வசந்தா கணவரின் வண்டியோ என்று எட்டிப் பார்த்தார். இந்தச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. நிலத்தைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கும் என்று கலைவாணி சொல்லியிருந்தார். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் பொறுக்கியிருப்பேன்.

"உங்கட அப்பாவுக்கு நிறம் தெரிஞ்சதா?" என்று கேட்டேன்.

வசந்தா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "எங்கப்பாவப் பத்தி எதுக்குங்க இப்ப" என்றார். வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஊர்ந்தது.

"அவரு கூலிக்குப் போறவரு. சொந்தமா ஒரு அடி நெலம் கெடையாது. மொளவாப் பழம் பறிக்கிறது பொம்பளைங்க வேலைதான். ஆளு பத்தாதப்ப ஆம்பளைங்களையும் எறக்குவாங்க. அவரு கூடையில மட்டும் பழத்தோட பச்சக் காயும் கெடக்கும். குடிச்சிட்டு வந்து பறிக்கிறான்னு மேஸ்திரி எல்லாரு முன்னாடியும் கூடையக் கவுத்துக் காட்டுவாரு. அப்ப அவரு குடிக்கவே மாட்டாருங்க. குடிச்சதெல்லாம் அப்பறந்தான். நான் அடுத்த சால்ல பறிச்சிட்டு நிப்பேன். பாக்காத மாதிரி திரும்பிக்குவேன்."

"அவர் ஏன் சொல்லவில்லை, தெரியேல்லை எண்டு?"

"என்னத்தச் சொல்லுவாரு? அப்பப்ப ஒண்ணு சொல்லுவாரு, எல்லாம் ஒரே மாதிரிதானம்மா இருக்குன்னு. சோம்பேறிக்குச் சாக்குன்னு எங்கம்மாவே ஏசும். கடைசியில எந்தக் காட்டுலயும் அவர எறக்கல. அப்படியே போய்ச் சேந்துட்டாரு."

அரியலூர் பஸ் நிலையத்தில் திருமானூர் வண்டிக்குக் காத்திருந்தோம். டீ வாங்கினோம்; எங்கள் பிளேன்டீக்கு முன்னால் இது பாயசம். குடித்து முடிக்கும்வரை பொறுத்து, உள்ளதைச் சொன்னேன். மணிக்கு வந்தது உங்கள் மூலமாகத்தான். உங்களுக்கு அதைத் தந்தவர் உங்கள் அப்பா. பெண்களிடம் அந்த மரபணுச் சரடு இரண்டு இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும், அதனால் உங்களுக்கு நிறம் தெரிகிறது. ஆண்களுக்கு ஒன்றுதான். உங்கள் அப்பா சோம்பேறி இல்லை. பழமும் காயும் அவர் கண்ணுக்கு ஒரே நிறம். ஒருவர் தப்பும் இதில் இல்லை.

வசந்தா காலி கிளாஸைப் பிடித்தபடியே இருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. வீடு திரும்பிவிடலாமா என்று கேட்டேன். திருமானூர் பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி எனக்கும் இடம் பிடித்தார்.

திருமானூர்ப் பக்கம் வேறு நாடு. கரிசலும் சுண்ணாம்புத் தூசியும் மறைந்து, நெல்லும் கரும்புமாகப் பச்சை. அஞ்சலையின் வீட்டில் விருந்தாளியான எனக்கு நல்ல கவனிப்பு. வெள்ளைச் சோறு, வஞ்சனையில்லாமல் மீன்குழம்பு. கடல்மீன் தின்று வளர்ந்த எனக்கு ஆற்றுமீனின் முள் பெரும்பாடாக இருந்தது. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்துச் சாப்புடுங்க" என்று ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். கெட்ட பெண் என்று முடிவு கட்டிக்கொண்டு போன எனக்கு அது சங்கடமாக இருந்தது.

கை கழுவியபின் அஞ்சலை நேரே கேட்டார். "நீங்க கண்ணப் பத்திப் படிச்சவங்களாமே. நீங்களே சொல்லுங்க. இது யாரு வழி?"

நான் வாய் திறக்குமுன் வசந்தா பேசினார். "என் வழிதான் அண்ணி. எங்கப்பாகிட்டேருந்து எனக்கு வந்துச்சு, எங்கிட்டேருந்து மணிக்குப் போச்சு. உங்க தம்பிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அஞ்சலை இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: மணிக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு அவனிடமிருந்து இது போகாது. பெண்பிள்ளைக்குப் போகும், ஆனாலும் அவளுக்கு நிறமெல்லாம் தெரியும். அவளுடைய மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம்.

"அப்ப எம் பேத்தி நாளைக்கு ஒரு வூட்டுல வாழப் போயி, இவள மாதிரி பேச்சு கேக்கணும்."

"நீங்கள் ஏசாமல் விட்டால், அந்தப் பிள்ளை கேட்கத் தேவையில்லை" என்றேன். விருந்தாளி பேசும் பேச்சில்லை. சொன்னதற்காக நான் வருந்தவும் இல்லை.

அஞ்சலைக்குக் கோபம் வரவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இருக்குறது ஒரே பொண்ணு" என்றார். "பிரியாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." கேட்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. புறப்படும்போது குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். எனக்கு நீட்டினார், எடுத்துக்கொண்டேன். வசந்தாவுக்கு நீட்டவில்லை. மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன. கொள்ளிடம் இரண்டு எட்டில் இருந்தது. போய்ப் பார்க்க எனக்கு மனமில்லை. மணியிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவனுக்கு ரயில்வேயில் வேலை இல்லையென்றால் வேறு வேலை பார்க்கலாம், பிரியா போனால் என்ன செய்வது என்றுதான் என் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் தாத்தா மாதிரி அவன்னு சொல்லுவேன்" என்றார் வசந்தா. பிறகு, "காலையிலேருந்து ஒண்ணையே நெனச்சிட்டு வரேங்க டீச்சர்" என்றார்.

"நாங்கள்லாம் மொளவாக் காட்டுல பழத்தப் பாத்த ஒடனே கிள்ளிப் போட்டுட்டுப் போவோம். எங்கப்பா மட்டும் ஒவ்வொண்ணா வெரல்ல அமுக்கி அமுக்கிப் பாப்பாரு. மெத்துன்னு இருந்தா பறிப்பாரு. பொழுத ஓட்டுறாருன்னு நெனப்போம். கண்ணு தெரியாததத் தொட்டுத் தெரிஞ்சுக்கப் பாத்திருக்காரு. செடியில இருக்குற அத்தனையும் அமுக்குனா காரம் ஏறி கையி என்னாத்துக்கு ஆவும்? சாயங்காலம் வூட்டுக்கு வந்து எரியுற கைய மோருல வுட்டுக்கிட்டே உக்காந்திருப்பாரு. நாங்க சின்னப் புள்ளைங்க, ஓடிப் போவோம். கிட்ட வராத, போன்னு வெரட்டுவாரு. அந்தக் கையால ஒரு நாள்கூட என்னைத் தூக்குனதில்ல, மூஞ்சத் தொடச்சதில்ல. பாசமில்லாத மனுசன்னு, கட்டிக்கிட்டு வந்த எடத்துலயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

பேச்சை நிறுத்தி, "இப்படித்தாங்க நிப்பாரு, நாங்க ஓடிப் போனா" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு காட்டினார்.

அரியலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து, வருகிறீர்களா என்று கேட்டார். வசந்தா கைகளை முன்னால் எடுக்கவில்லை. அடுத்த வண்டியில் வருகிறோம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.